மறுநடவுக்கு முன் ஒரு குழி

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்துச் சிகாமட் வட்டார நிலநடுக்க ஆய்வைக் கவனிக்கும் துறை அதிகாரிகளுக்கும், எங்கள் தோட்ட நிர்வாகத்தினருக்கும் வணக்கம்.

2025 ஆகஸ்ட் 24 காலை இங்கே வந்த நிலநடுக்கத்தை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அதன் அளவான 4.1 என்ற எண்ணும், அடுத்தடுத்து வந்த சின்ன அதிர்வுகளும் உங்கள் கோப்பில் நேரத்தோடு இருக்கும். "ஆய்வு செய்யப்படும்" என்று கூட்டத்தில் சொன்னதும் இருக்கும். இப்போது ஓடைக்கரைப் பிரிவில் செம்பனை மறுநடவு அறிவித்தாயிற்று, சாய்க்க வேண்டிய மரங்களுக்கு அடையாளமும் போட்டாயிற்று. புல்டோசர் வந்து நிற்கிறது, ஆய்வாளர்களைத்தான் காணோம்.

கேட்பது ஒன்றுதான். புல்டோசர் ஓடைக்கரையில் இறங்கும் முன் அங்கே ஓர் ஆய்வுக்குழி வெட்டுங்கள்.

இந்த வட்டாரத்துப் பாறை பழையது. சிகாமட் எரிமலைப் பாறைக்கே ஏறத்தாழ 6 கோடி வயது. அவ்வளவு பழைய பாறையில் பிளவு இருப்பது அதிசயமில்லை, எந்தச் சாலை வெட்டிலும் காட்டலாம். நம் ஊர் மழையில் பாறை பல மீட்டர் ஆழத்துக்கு மட்கிய பிறகும் பிளவின் கோடு அப்படியே தெரியும். அவசரக்காரர் அதைப் படம் எடுத்துப் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்பார். அந்தப் பிளவு அண்மைக் காலத்தில் அசைந்ததா என்பதற்குப் பாறை பதில் சொல்லாது, அதன் மேல் படிந்த மண்தான் சொல்லும். சரிவிலிருந்து உருண்டு வந்த கல்மண்ணையும் ஓடை கொண்டுவந்த வண்டலையும் பிளவு வெட்டியிருந்தால் அது உயிருள்ள பிளவு. வண்டல் குலையாமல் கிடந்தால், அது படிந்த நாளிலிருந்து நிலத்தைக் கிழிக்கும் அளவுக்கு எதுவும் வரவில்லை. 4.1 மேற்பரப்பைக் கிழிக்காது. ஆகவே குழியில் கிழிசல் தெரிந்தால், அது முன்பு எப்போதோ வந்த பெரிய ஒன்றின் தடம். நாங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது அதைத்தான்.

செம்பனைத் தோட்டத்தில் ஏறத்தாழ 25 ஆண்டுக்கு ஒரு முறைதான் மரம் சாய்ந்து நிலத்தின் முகம் தெரியும். மட்டைகள் மூடியிருக்கும்போது, லேசர் ஒளியால் தரையை அளக்கும் லைடார் கருவியோடு பறந்தால்தான் தரை தெரியும். மரம் சாய்ந்த அந்தச் சில வாரங்களில் சாதாரண ட்ரோன் படமே போதும். அப்புறம் சரிவில் 4 மீட்டர் அகலத்துக்குப் படி வெட்டுவார்கள். முதலில் போவது அந்த மேல்மண். சரிவில் ரப்பர் காலத்திலும் பிறகு செம்பனைக்கும் வெட்டியதில் போனது போகட்டும். ஓடைக்கரை வண்டல் மிச்சமிருக்கிறது. வடிகாலை ஆழப்படுத்தினால் அதுவும் தீர்ந்தது.

செலவு என்று தயங்க வேண்டாம். வடிகால் வெட்டும் அதே மண்வாரி போதும். சந்தேகப்படும் கோட்டுக்குக் குறுக்காக 20 மீட்டர் நீளம், 3 மீட்டர் ஆழம். சுவரைப் படிபடியாகத்தான் வெட்ட வேண்டும், நேராக இறக்கினால் ஒரே மழையில் இடிந்து உள்ளே நிற்பவரை மூடிவிடும். நீர் ஊறும், பம்பு வேண்டும். சுவரைக் கரண்டியால் சுரண்டி, மீட்டருக்கு ஒரு நூல் கட்டி, அடுக்கடுக்காக வரைய வேண்டும். கரித்துண்டு கிடைத்தால் அதன் வயதைச் சொல்லும் கார்பன் கணக்கு ஏறத்தாழ 50,000 ஆண்டு வரை எட்டும். ஆனால் மேல் 1 மீட்டரை வேரும் கறையானும் கலக்கியிருக்கும்; அங்கே கிடைப்பது ரப்பர் நடக் காட்டை எரித்த கரியாகவும் இருக்கலாம். மணல் மாதிரியை ஒளி புகாத குழாயை அடித்து எடுக்க வேண்டும். மணல் கடைசியாக வெளிச்சம் கண்ட காலத்தைத்தான் அதில் கணக்கிடுவார்கள்; வெளிச்சம் பட்டால் மாதிரி வீண்.

தொழிலாளர்கள் குடியிருக்கும் லயன் வீடுகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அந்தச் சுவர்களில் கம்பி கிடையாது, செங்கல்லும் சாந்தும்தான். ஜன்னல் மூலையிலிருந்து கூரை நோக்கிச் சாய்வாக ஏறிய வெடிப்புக்கு "வீடு பழசு" என்று எழுதிக்கொண்டு போனார்கள். இருக்கலாம். அடித்தளம் இறங்கினாலும் அதே மூலையில்தான் வெடிக்கும். ஒரே பார்வையில் பிரித்துச் சொல்ல முடியாது என்பதால்தான் வெடிப்பின் முனையில் பென்சிலால் கோடும் தேதியும் போட்டு, குறுக்கே மெல்லிய கண்ணாடிச் சில்லைச் சாந்து வைத்து ஒட்டி, அடிக்கடி போய்ப் பார்ப்பார்கள். அதிர்வு எதுவும் இல்லாத நாளில் சில்லு உடைந்தால் மண் இறங்குகிறது என்று சந்தேகிக்கலாம். அதிர்ந்த நாளில் உடைந்தால் காரணம் வேறு. வீட்டுக்குச் சில ரிங்கிட் ஆகும். அது நடக்கவில்லை. மேசைக்கு அடியில் ஒளியச் சொல்லும் சுவரொட்டி மட்டும் வந்தது. மடக்கு பிளாஸ்டிக் மேசைக்கு அடியில் ஒளிந்தவர் மேல் சுவர் விழுந்தால் எந்தப் பாரத்தை நிரப்புவது என்பதையும் அதிலேயே அச்சடித்திருக்கலாம்.

தீபகற்பம் அசையாத நிலம் என்ற பேச்சு 2007 நவம்பரில் பகாங் மாநிலத்துப் புக்கிட் திங்கி அதிர்ந்தபோதே முடிந்திருக்க வேண்டும். 2015 ஜூன் 5 அன்று சபா மாநிலத்து ரானாவில் 6.0 வந்து கினாபாலு மலையில் 18 பேர் இறந்தார்கள். சிகாமட்டை அதோடு ஒப்பிட்டுப் பயம் காட்டவில்லை. ஆற்றலில் ஏறத்தாழ 700 மடங்கு வித்தியாசம். ஆனால் விற்பனைக்கு வீடமைப்புத் திட்டம் என்றால் மண் துளைக்கும் கருவி உடனே வருகிறது. தோட்டத்து மண்ணில் மட்டும் எண்ணெய் விளைந்தால் போதும் போலிருக்கிறது.

மன்னிக்கவும், கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறோம். ஓடைக்கரையின் இருபுறமும் 50 மீட்டரை மறுநடவின் கடைசிக் கட்டத்துக்குத் தள்ளிவையுங்கள். நிர்வாகத்துக்கு ஒரு நிரை மரமும் நட்டமாகாது. அதற்குள் குழி வெட்டுங்கள். ஆலையிலிருந்தும் லாரிப் பாதையிலிருந்தும் விலகி, மட்காத பாறை மேல் திண்டு கட்டி ஒரு நில அதிர்வுமானியும் வையுங்கள். கிட்டத்தில் நிலையம் இல்லாவிட்டால் அதிர்வு எழுந்த ஆழத்தைச் சரியாகக் கணக்கிட முடியாது. பல அறிவிப்புகளில் வரும் 10 கிலோமீட்டர் என்பது, கணக்கு நிற்பதற்காக முன்கூட்டியே வைக்கிற எண் என்பது உங்களுக்கும் தெரியும்.

"மடல் கிடைத்தது" என்ற பதிலை அனுப்பிச் சிரமப்பட வேண்டாம். குழி எங்கே, என்றைக்கு என்று குறித்த வரைபடம் ஒன்றை, காலையில் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக்களத்துப் பலகையில் ஒட்டினால் போதும். புல்டோசர் இறங்கும் முன், தயவுசெய்து.

இப்படிக்கு,
சிகாமட் வட்டாரத் தோட்டக் குடியிருப்பாளர்கள் சிலர்