கியோட்டோ வெயில்

கியோட்டோ,
ஆகஸ்ட் 3

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. செந்தில் அரைகுறையாகச் சொன்னதைக் கேட்டு நீ மாரியம்மனுக்குக் காசு முடிந்து வைத்ததாக எழுதியிருக்கிறாய். இப்போது நன்றாக இருக்கிறேன். நடந்ததை நானே முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

ஜூலை 17 இங்கே கியோன் திருவிழாவின் தேர் ஊர்வலம். 869-ல் கொள்ளைநோய் பரவியபோது தொடங்கிய வழிபாடு. எடையில் நம் ஆழித்தேருக்குப் பக்கத்தில் வராது, பெரிய தேரே 12 டன்தான். ஆனால் உச்சி 25 மீட்டர் போகும். நாற்சந்தியில் மூங்கில் பிளாச்சுகளைப் பரப்பி, தண்ணீர் ஊற்றி, சக்கரத்தை அதன் மேல் ஏற்றிப் பக்கவாட்டில் கயிற்றால் இழுத்துத் திருப்புகிறார்கள். அப்பா இருந்திருந்தால் நம் முட்டுக்கட்டை ஆட்களைப் பற்றி ஒரு மணி நேரம் பேசியிருப்பார். அதைப் பார்க்கத்தான் ஷிஜோ கவாராமச்சி முனையில் காலையிலேயே போய் நின்றேன்.

திருவாரூர்ப் பிள்ளைக்கு வெயில் ஒரு பொருட்டா என்று மாமா கேட்டாராமே. இந்த ஊரைச் சுற்றி மூன்று பக்கமும் மலை, காற்றே நுழையாது. ஈரப்பதத்தில் வேர்வை காயாது. காய்ந்தால்தானே உடம்பு குளிரும்? ஏசி அறையிலேயே வேலை பார்ப்பவனுக்கு வெயில் தாங்கும் பழக்கமும் போய்விடும் என்றார் டாக்டர்.

இரண்டாவது தேர் திரும்பும்போது, அந்த வெயிலிலும் உடம்பு சிலிர்த்துக் குளிர ஆரம்பித்தது. பக்கத்தில் நின்ற அம்மாள் ஏதோ கேட்டார். நாக்கு எழவில்லை. என் பெயரே எனக்கு வரவில்லை அம்மா. இங்கே எனக்கு ஏதாவது ஆனால் உன்னிடம் யார், எப்படிச் சொல்வார்கள் என்றுதான் பயந்தேன். அப்புறம் விழுந்துவிட்டேன்.

அந்த அம்மாளும் போலீஸ்காரர்களும் நிழலுக்குத் தூக்கிப்போய், கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் ஐஸ் வைத்து விசிறினார்களாம். குடிக்க ஒன்றும் தரவில்லை. நினைவு தெளியாதவன் வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும். மாமாவிடம் சொல்லு, தேரோட்டத்தில் யாராவது மயங்கினால் சோடாவைப் புகட்ட வேண்டாம். ஆஸ்பத்திரியில் பார்த்தபோது உடம்புச் சூடு 40 டிகிரிக்கு மேல். ஒரு ராத்திரி வைத்திருந்து ட்ரிப் ஏற்றினார்கள். ஆம்புலன்ஸுக்கு இங்கே காசு கிடையாது, மற்றதில் பத்தில் ஏழு பங்கு இன்சூரன்ஸ் கட்டிவிடும். செலவைப் பற்றி நினைக்காதே.

பக்கத்து வீட்டுத் தாத்தா, ஜன்னலுக்கு நிழலாகப் பாகற்கொடி ஏற்றியிருப்பவர், அன்றிலிருந்து வாற்கோதுமைத் தேநீரும் உப்பில் ஊறிய புளிப்புப் பழமும் என் கதவில் மாட்டிவிட்டுப் போகிறார். ஒரு வார்த்தை பேசுவதில்லை. போன வாரம் பாகற்காய் கொடுத்தார். பிட்லை வைத்தேன். உன் பக்குவம் வரவில்லை, ஆனாலும் வாசனை வந்தது. அடுப்படியிலேயே நின்று சாப்பிட்டேன். கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை.

சரி, ரேணு கல்யாணம். மாப்பிள்ளை வீட்டில் ஆவணி முகூர்த்தம் கேட்கிறார்கள் என்கிறாய். தைக்கு மாற்றிப் பேசு, எனக்கும் அப்போதுதான் லீவு கிடைக்கும். ஓவர்டைம் இப்போது இல்லை, உடம்புக்கு அதுவும் நல்லதுதான். யென் விலை இறங்கியிருக்கிறது, அதனால் இந்த மாதப் பணம் கொஞ்சம் குறைவாக வரும். அதற்காக உன் வளையலை அடகுக்குக் கொண்டுபோகாதே. குளத்தங்கரை நிலத்துக் குத்தகையைப் பெரியப்பா கொடுத்தாரா? நீ போய்க் கேட்காதே, செந்திலை அனுப்பு. போன வருஷ பாக்கியையும் சேர்த்து வாங்கச் சொல்லு.

அன்புடன்,
குமார்