தராசு தந்தவருக்கும் கடன் மறுத்தவருக்கும் – ஒரு நன்றி மடல்

மட்டக்களப்பு நகரில் கருவப்பங்கேணி, கூழாவடி, இருதயபுரம், நாவலடிப் பக்கத்தில் சேமித்து, கடன் எடுத்து, வீட்டிலிருந்தே தொழில் செய்யும் பெண்களின் சிறுகுழுக்கள் சேர்ந்து எழுதுகிற மடல் இது. உதவி செய்தவர்களின் பட்டியல் போட்டால் காசு தந்தவர் பேர் முன்னுக்கு வருவது வழக்கம். இதில் அந்த வரிசை கொஞ்சம் மாறிக் கிடக்கும். காசு வந்த வீடுகளிலெல்லாம் தொழில் நிலைக்கவில்லை. காசோடு கணக்கையோ கைப்பழக்கத்தையோ யாராவது சொல்லித் தந்த இடத்தில்தான் நிலைத்தது. கேட்காமல் பேர் போடுவது முறையில்லை என்பதால் எவரது பேரும் இல்லை. வாசிக்கிறபோது அவரவருக்குத் தெரியும்.

முதல் நன்றி, ஓய்வுபெற்ற பிறகும் ஞாயிறு தவறாமல் சனசமூக நிலையத்துக்கு வந்த கணித ரீச்சருக்கு. வீட்டு வாசலுக்கு வரும் வாராந்தக் கடனில் ‘வட்டி 24 வீதம்’ என்று சொன்னால் அது எடுத்த முழுத் தொகைக்கும் கடைசிவரை ஓடுகிற வட்டி. 50,000 ரூபாய் எடுத்தால் ஒரு வருட வட்டி 12,000, மொத்தம் 62,000. 52 கிழமைக்குப் பிரித்தால் கிழமைக்கு 1,192 ரூபாய் சொச்சம். கேட்கிறபோது பாரமாகத் தெரியாது. ரீச்சர் பாயில் 52 புளியங்கொட்டையைப் பரப்பினார். கிழமைக்கு ஒன்றாக ஓரம் தள்ளிக்கொண்டே போய் 26இல் நிறுத்தினார். “இப்ப உங்கட கையில அவங்கட காசு எவ்வளவு கிடக்கு?” பாதிக்குச் சற்றுக் கூட, அவ்வளவுதான். ஆனால் வட்டி இன்னும் 50,000க்கும் போகிறது. குறைந்துகொண்டு வருகிற மீதிக்குப் பார்த்தால் அதே கடன் வருடத்துக்கு ஏறத்தாழ 44 வீதம். அன்றைக்கு அந்தப் பாயைச் சுற்றி இருந்தவர்கள் இப்போது எந்தக் கடன் படிவத்தைக் கண்டாலும் முதலில் கேட்கிற கேள்வி, “முழுத் தொகைக்கா, மீதிக்கா?” என்பதே.

2018இல் வறட்சி மாவட்டங்களில் பெண்கள் எடுத்த 1 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு அரசு நிவாரணம் அறிவித்தபோது மட்டக்களப்பும் அந்தப் பட்டியலில் இருந்தது. அதற்குப் பிறகும் ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன், அதை அடைக்க மூன்றாவது என்று போனவர்கள் உண்டு. அவர்களுக்கு ரீச்சர் புத்தி சொல்லவில்லை. எல்லாத் தவணை அட்டைகளையும் ஒரே சீஆர் கொப்பியில் நாள்வாரியாக எழுதவைத்தார். திங்கள் ஒன்று, புதன் ஒன்று, வியாழன் இரண்டு என்று விழுந்தபோது, எந்தக் கடனை முதலில் முடிக்க வேண்டும் என்பது கொப்பியிலேயே தெரிந்தது.

சேமிப்புப் பெட்டியைத் தகரத்தில் அடித்துத் தந்த பட்டறை அண்ணனுக்கு அடுத்த நன்றி. மூன்று பூட்டு, மூன்று திறப்பு. திறப்புகள் மூன்று பேரிடம், பெட்டி நான்காமவர் வீட்டில். மூன்று கொண்டியும் ஒரே பக்கத்தில் இருந்தால் பின் பிணைச்சலைக் கழற்றி மூடியைத் தூக்கிவிடலாம் என்று அவரே சொல்லி, பிணைச்சல் ஆணிகளை உள்பக்கமாக மடித்து அடித்தார். கூலி வாங்கினார், தகரத்துக்கு வாங்கவில்லை.

அந்தப் பெட்டியின் முறை புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கும் உதவட்டும். 15 முதல் 25 பேர்வரை ஒரு குழு. பங்கு ஒன்று 100 ரூபாய். ஒருவர் கிழமைக்கு ஒன்றிலிருந்து ஐந்து பங்குவரை போடலாம். கையெழுத்து வைக்கக் கூச்சப்படுகிறவர்கள் இருப்பதால் பாஸ் புத்தகத்தில் பங்குக்கு ஒரு முத்திரை குத்துவோம். கடன், சேமித்ததன் மூன்று மடங்குக்கு மேல் இல்லை. காசு எல்லோர் முன்னாலும் பாயில் எண்ணப்பட வேண்டும், எண்ணுகிறவர் வேறு, எழுதுகிறவர் வேறு. வருட முடிவில் கடனெல்லாம் பெட்டிக்குத் திரும்பிய பிறகுதான் பிரிப்பு. பேச்சுக்கு, 20 பேர் சேர்ந்து 2,600 பங்கு போட்டிருக்கிறார்கள், வட்டியோடு பெட்டியில் 3,12,000 ரூபாய் கிடக்கிறது என்றால் பங்குக்கு 120 ரூபாய். 150 பங்கு வைத்திருப்பவருக்கு 18,000.

குழுக்கள் உடைகிற இடங்கள் இரண்டு. ஒன்று, வரவேண்டிய கடன் வெளியில் நிற்கத் தீபாவளி வருகிறது என்று அவசரப்பட்டுப் பிரிப்பது. கடன் வாங்கியவர் பிறகு திருப்பிக் கட்டுவதற்கு என்ன இருக்கிறது? மற்றது பேர்க்கடன்: ஒருவர் பேரில் எடுத்து இன்னொருவர் பாவிப்பது. பாவித்தவர் கட்டாதபோது கட்டவேண்டியவர் பேர்க்காரி. இதற்கு ஒரு மருந்துதான் இருக்கிறது: காசை வாங்கும்போது எதற்கு என்று எல்லோர் முன்னும் சொல்ல வேண்டும், அடுத்த கிழமை வாங்கிய சாமானைக் காட்ட வேண்டும். முகம் முறியும்தான், முறியட்டும்.

தையல் மெசின் திருத்தும் ஐயாவைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும். 2004 சுனாமிக்குப் பிறகு கரையோரம் எத்தனையோ மெசின்கள் இலவசமாக வந்தன. கட்டிலுக்குக் கீழே கறள் பிடித்துக் கிடந்தவையும் ஏராளம். மெசின் கொடுத்தவர்கள் எண்ணெய் போடச் சொல்லித் தரவில்லை, வாங்கியவர்கள் வீட்டில் இருந்த தேங்காய் எண்ணெயைப் போட்டார்கள். தேங்காய் எண்ணெய் போட்ட அன்று மெசின் பூப்போல ஓடும். சில மாதத்தில் அது பிசினாகி, பஞ்சும் தூசியும் சேர்ந்து அச்சுகளை இறுக்கிப் பிடித்துவிடும். ஐயா வந்து மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, ஒவ்வொரு துளையிலும் மெசின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு, பழைய துணி ஒன்றில் வெறும் ஊசியாக ஓட்டிக் கறுப்பு எண்ணெயை வெளியே எடுத்தார். கூலிக்குப் பதிலாக அவர் கேட்டது தேநீரும், எண்ணெய்க் குப்பியை மெசின் லாச்சிக்குள்ளேயே வைக்கவேண்டும் என்ற வாக்குறுதியும். கடல் காற்றடிக்கிற நாவலடியில் இது இரட்டிப்பு அவசியம். வேலை முடிந்தால் ஊசித்தண்டிலும் பாதத்திலும் எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு.

அவர் சொல்லித் தந்ததில் பெரியது வேறு. துணியின் அடிப்பக்கம் நூல் கொத்துக் கொத்தாய்ச் சிக்கினால் எல்லோரும் பொபினைத் திட்டுவார்கள், கீழ்த் திருகாணியை முறுக்குவார்கள். குற்றம் பெரும்பாலும் மேல் நூலில். பாதத்தைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு நூல் கோத்தால் இறுக்கத் தட்டு இரண்டும் மூடிக்கொண்டு இருக்கும். நூல் அவற்றுக்கு இடையில் உட்காராமல் வெளியே வழுகி நிற்கும். மேலே இறுக்கமே இல்லாததால் அடியில் சிக்கும். பாதத்தை உயர்த்தி, மறுபடி கோத்தால் தீர்ந்தது. இதற்காக மெசினைத் தூக்கி முச்சக்கர வண்டியில் போட்டுக் கடைக்குக் கொண்டுபோன பெண்கள் இருக்கிறார்கள். தையல் தாண்டித் தாண்டிப் போனால் ஊசி வளைந்திருக்கும், அல்லது ஊசியைத் திருப்பிப் போட்டிருப்பார்கள். பாடசாலைச் சட்டைத் துணிக்கு 14ஆம் இலக்க ஊசி, மெல்லிய பிளவுஸ் துணிக்கு 11. வெள்ளைப் பருத்தியை நனைத்துக் காயவைக்காமல் வெட்டினால், முதல் சலவையிலேயே கொலர் சுருங்கித் தாய்மார் வாசலுக்கு வருவார்கள். டிசம்பர், ஜனவரிச் சீருடை நெரிசலில் இதற்கு நேரமில்லை என்று விட்டவர்களுக்கு அடுத்த வருடம் அந்த வாடிக்கை கிடைக்காது.

மிளகாய்த் தூள் வேலையில் உதவியவர்கள் இருவர்: ஆலைக்காரரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும். ஆலைக்காரர், கோதுமையும் அரிசியும் அரைத்த வாயைத் துடைக்காமல் மிளகாய் போடமாட்டார். எங்கள் சாக்குகளைக் காலையில் முதலாவதாக எடுத்துக்கொண்டார். செத்தல் மிளகாய் 10 கிலோ வாங்கினால் காம்பு கிள்ளி, வெளிறியதையும் பூசணம் பிடித்ததையும் தள்ளி, வறுத்து, அரைத்து முடிக்கும்போது கையில் இருப்பது 10 கிலோ அல்ல. ஒவ்வொரு கட்டத்திலும் நிறுங்கள் என்றவர் அவர். பேச்சுக்கு, கிலோ 1,000 ரூபாய்ப்படி வாங்கியது 8.5 கிலோவாகத் தேறினால், தூள் கிலோவுக்குக் கொள்விலை மட்டும் 1,176. இதற்கு மேல் ஆலைக்கூலி, விறகு அல்லது கேஸ், பை, லேபல், பஸ் காசு, கடைக்காரர் கழிவு. கடைசியில் செய்கிறவளின் கூலி. பெண்கள் விடுகிற வரி அந்தக் கடைசி வரிதான், ‘வீட்டில் சும்மா இருக்கிற நேரந்தானே’ என்று. ஐந்து மணிக்கு எழும்புகிறவளுக்கு எந்த நேரம் சும்மா இருக்கிற நேரம்?

ஆலையிலிருந்து வருகிற தூள் சுடும். சூடு ஆறாமல் பொதி செய்தால் பையின் உட்பக்கம் வியர்க்கும், இரண்டு கிழமையில் கட்டி, பிறகு பூசணம். மாரிகாலத்தில் ஈரக்காற்று வேறு. அப்போது திறந்த தட்டில் இரவு முழுக்க ஆறவிடவும் கூடாது, ஆறிய கையோடு மூடிய வாளிக்குள் போய்விட வேண்டும். சீலர் மெசினில் ஒட்டிய வாய் பிறகு திறந்துகொள்கிறதென்றால் சூட்டைக் கூட்டாதீர்கள். ஒட்டும் கோட்டில் தூள் படிந்திருக்கும். பையின் வாயைக் காய்ந்த துணியால் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். நிரப்பும்போது கடுதாசிப் புனல் வைத்தால் துடைக்கவும் வேண்டியிராது.

பரிசோதகர் ஐயா சமையலறைக்கு வந்தபோது எல்லோருக்கும் பயம்தான். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் என்றவுடன் வழக்கு, தண்டம் என்றுதான் நினைப்பு ஓடியது. அவர் எடுத்தது நாடா: கழிவறைக்கும் பொதி செய்யும் இடத்துக்கும் தூரம் அளந்தார், கோழிக்கூட்டை நகர்த்தச் சொன்னார், ஜன்னலுக்கு வலை அடிக்கச் சொன்னார். லேபலில் பொருளின் பேர், சேர்மானம், தேறிய நிறை, உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, தொகுதி இலக்கம், செய்தவர் முகவரி எல்லாம் வரவேண்டும் என்று எழுதித் தந்தார். தொகுதி இலக்கத்தைத்தான் பலரும் விடுகிறார்கள். முறைப்பாடு ஒன்று வந்தால், எந்த அரைப்புத் தூள் என்று தெரியாமல் எல்லாக் கடையிலிருந்தும் எல்லாவற்றையும் திருப்பி எடுக்க வேண்டிவரும்.

பிரதேச செயலகத்தில் வியாபாரப் பேர்ப் பதிவுக்கு ஓடித் திரிந்த கிராம உத்தியோகத்தருக்கும் நன்றி. நம்மூரில் வீடு பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போவது வழக்கம். வழக்கம் வேறு, உறுதி வேறு. குடியிருப்பது மகள், உறுதி இன்னும் அம்மாவின் பேரில். சிலவேளை அம்மம்மாவின் பேரில். இடத்துக்கு அத்தாட்சி கேட்கும்போது விண்ணப்பம் அங்கேயே நிற்கும். உறுதிக்காரரிடம் சம்மதக் கடிதம் முதலே வாங்கி வையுங்கள் என்று அவர் சொன்னதால் பலருக்கு இரண்டாம் நடை மிச்சம்.

தலைப்பில் சொன்ன, கடன் மறுத்தவர். கூட்டுறவு வங்கி ஒன்றின் உத்தியோகத்தர் அவர். எங்கள் குழுக்களிலிருந்து போன நான்கு விண்ணப்பங்களையும் திருப்பிவிட்டார். காரணம் கேட்டபோது விற்பனைக் கொப்பியைக் காட்டச் சொன்னார், கொப்பி இல்லை. “மூன்று மாதம் எழுதிக்கொண்டு வாருங்கள், பிறகு எவ்வளவு தேவை என்று நீங்களே சொல்வீர்கள்” என்றார். எழுதிப் பார்த்ததில், கேட்ட தொகையில் பாதி போதும் என்று தெரிந்தவர்கள் இருவர். ஒருவருக்குக் கடனே தேவைப்படவில்லை, அவரது காசு கடைகளில் கடனாக நின்றது. அன்று முகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தோம். இப்போது நன்றி சொல்கிறோம்.

அந்தக் கடைப்பாக்கியை உடனுக்குடன் காசாகத் தந்த சில்லறைக் கடைக்காரர்கள் மூவருக்கும் நன்றி. மற்றவர்களுக்கு: விற்காததைத் திருப்பித் தருவதென்றால் காலாவதிக்கு ஒரு மாதம் முன்பாவது தாருங்கள்.

முன்பள்ளி ஆசிரியை மச்சாளுக்குத் தனியாக ஒரு வரி. பயிற்சிகள் பின்னேரம் இரண்டு மணிக்கு வைக்கப்பட்டபோது வந்தவர்கள் கைவிரல் எண்ணிக்கை. பாடசாலை விட்டுப் பிள்ளை வருகிற நேரம் அது. காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டுக்கு மாற்றி, கைக்குழந்தைகளைத் தன் வகுப்பறையில் இருத்திக்கொண்டவர் அவர். ஆடி அமாவாசைக்கு மாமாங்கேஸ்வரர் கோயிலடியில் பலகாரக் கடை போட்டபோது, கேஸ் சிலிண்டரைச் சைக்கிளில் கட்டி வந்த மச்சான்மாருக்கும் இதிலேயே சேர்த்து.

கடைசியாக, தராசு. புளியந்தீவுப் பலசரக்குக் கடை முதலாளி இரவலாகத் தந்த 10 கிலோத் தராசைத் திருப்பித் தருகிறோம். குழுவுக்குச் சொந்தமாக ஒன்று வாங்கி, நிறை சரி என்ற முத்திரையும் இட்டாயிற்று. முதலாளி, தட்டின் இடது ஓரத்தில் ஒரு நெளிவு இருக்கிறது, அது எங்கள் கையால் வந்தது. நிறையில் வித்தியாசம் இல்லை, இரண்டு தரம் பார்த்தோம். 200 கிராம் படி ஒன்று தொலைந்துவிட்டது. புதிதாக வாங்கி, மற்றப் படிகளோடு துணிப்பைக்குள் வைத்திருக்கிறது.