யோகா பாட்டி நானம்மாள் நினைவு நாள்: ஞாயிறு காலை மொட்டை மாடியில் கூடுவோம்

குடியிருப்பு உறவுகளுக்கு வணக்கம்.

நம் கோவையின் யோகா பாட்டி நானம்மாள் 2019 அக்டோபர் 26 அன்று, 99 வயதில் மறைந்தார். பொள்ளாச்சி அருகே ஜமீன் காளியாபுரத்தில் 1920இல் பிறந்தவர். சிறுமியாகத் தந்தையிடம் கற்ற ஆசனங்களைத் தொண்ணூறு வயதைத் தாண்டியும் விடவில்லை. 2018இல் பத்மஸ்ரீ பெற்றார். ஆனால் என்னை நெகிழ வைப்பது, தாயாகவும் பாட்டியாகவும் அவர் தன் வீட்டிலேயே குருவாக இருந்ததுதான். பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் பலர் யோகா ஆசிரியர்களாகவே ஆனார்கள்.

நாள்: அக்டோபர் 26, ஞாயிறு
நேரம்: காலை 6.15

1. வெறும் வயிற்றுடன் வாருங்கள். விரிப்பு அல்லது ஜமுக்காளம் அவரவர் கொண்டுவர வேண்டும்.
2. வீட்டிலுள்ள அம்மாக்களையும் பாட்டிகளையும் கட்டாயம் அழைத்து வாருங்கள். முன்வரிசை நாற்காலிகள் அவர்களுக்கே. லிஃப்ட் மாடி வரை வராது. கடைசிப் படிகளில் கைபிடித்து ஏற்ற இளைஞர்கள் நான்கு பேர் தேவை.
3. மூட்டுவலி, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மூச்சுப் பயிற்சி மட்டும் செய்தால் போதும். யாரும் வீம்புக்கு முயல வேண்டாம்.
4. பிறகு, மறைந்த தங்கள் அம்மா, பாட்டியைப் பற்றிப் பேச விரும்புவோர் பேசலாம். படம் இருந்தால் கொண்டு வாருங்கள்.
5. கம்மங்கூழ், சின்ன வெங்காயம், மோர் மிளகாய் உண்டு. சொம்பு, டம்ளர் உங்களுடையது.

வீட்டு எண்ணையும் எத்தனை பேர் என்பதையும் வியாழன் இரவுக்குள் இங்கேயே பதிவிடுங்கள். கம்பு வாங்கி இடித்து வைக்க வேண்டும்.