கயிற்று மணி அடித்த கைக்கு

காளியம்மன் கோயில் அன்பர்களுக்கும், நம் யாங்கோன் தெருவாருக்கும், என் தோசைக்கல்லைச் சுற்றி நின்று சாப்பிட்டுப் போகும் எல்லோருக்கும் வணக்கம்.

நேற்று டாக்டர் என் இடது காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இனி ஆறு மாதம் கழித்து வந்தால் போதும்" என்றார். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். மழைக்காலம் முழுக்க அந்தக் காலில் ஆறாத புண்ணோடு நான் பட்ட பாட்டைப் பார்த்தவர்கள் நீங்கள். அதை மறுபடி அளக்கப் போவதில்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறைய. வாரம் இரண்டு தடவை கட்டுப் போட்ட நர்ஸம்மா, கோயிலில் விளக்கு ஏற்றியவர்கள், கடை வாடகையை இரண்டு மாதம் வாய் திறந்து கேட்காத பாய், சிங்கப்பூரிலிருந்து காலை இறுக்கிப் பிடிக்கும் காலுறை வாங்கி அனுப்பிய மச்சினன் மகன், ஆட்டி வைத்த மாவு வீணாகாமல் வாங்கிக்கொண்ட அக்கம்பக்கத்தார். எல்லோருக்கும் சேர்த்து ஒரே கும்பிடு. கோபித்துக்கொள்ளாதீர்கள், மீதிக் காகிதம் ஒருத்திக்கு வேண்டியிருக்கிறது.

எங்கள் மாடிப்படிக்குக் கீழே மொய்ங்கா, அதான் மீன்குழம்பு ஊற்றிய நூடுல்ஸ், விற்கிற பெண்தான். பெயர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். நான் அவளைப் பர்மியத்தில் 'தமீ' என்பேன், மகளே என்று. அவள் என்னை 'ஊலே' என்பாள், மாமா என்று.

புண் மூடினால் கதை முடிந்தது என்று நினைத்திருந்தேன். அன்றைக்குத்தான் டாக்டர் சொன்னார்: "கட்டுதான் முடிந்தது. காலுறை ஆயுசுக்கும்." காலிலிருந்து ரத்தத்தை மேலே கொண்டுபோகும் குழாய்க்குள் சின்னச் சின்ன வால்வுகள் இருக்கின்றன. எனக்கு அவை கெட்டுப்போய்விட்டன. அப்பாவுக்கும் இருந்த கோளாறு, அதோடு 31 வருஷம் கல்லுக்கு முன்னால் ஒரே இடத்தில் நின்றதற்குக் கிடைத்த கூலி. ஏறின ரத்தம் திரும்ப இறங்கிக் கணுக்காலில் தேங்குகிறது. காலுறை எதையும் பழுது பார்க்காது, வெளியிலிருந்து பிடித்துக்கொள்ளும். கணுக்காலில் இறுக்கம் அதிகம், மேலே போகப்போகக் குறையும். என்னுடையது இரண்டாம் வகை. பிரஷர் பார்க்கிற பாதரசக் கணக்கில் 23 முதல் 32 வரை.

இதைக் கண்டுபிடித்தவர் கதையையும் டாக்டர் சொன்னார். அமெரிக்காவில் கான்ராட் ஜோப்ஸ்ட் என்று ஒரு இன்ஜினியர், அவருக்கும் இதே வியாதி. நீச்சல் குளத்துத் தண்ணீரில் நின்றால் கால்வலி குறைவதைக் கவனித்தாராம். ஆழம் கூடக் கூடத் தண்ணீரின் அழுத்தமும் கூடும் அல்லவா, அதையே துணியில் நெய்ய வைத்து 1950-இல் காலுறையாக்கினார். யாங்கோனில் மழைக்கு முழங்கால் தண்ணீர் நிற்காத தெரு எது? இத்தனை வருஷம் அதில் நடந்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

சரி, காலுறைக்கு வருகிறேன். காலையில் பாதம் தரையில் படுவதற்கு முன்பே மாட்டிவிட வேண்டும். எழுந்து நின்றால் கால் வீங்க ஆரம்பித்துவிடும், அப்புறம் உள்ளே போகாது. என் தொந்தி குனிய விடாது. வீட்டுக்காரிக்கு விரல் மூட்டெல்லாம் வாதம். முதல் நாள் இரண்டு பேரும் முக்கால் மணி நேரம் போராடினோம். நான் திட்டியது நாலு மாடிக்கும் கேட்டிருக்கும்.

மறுநாள் விடியற்காலை நாலே கால் மணிக்கு, தெருவிலிருந்து கயிற்றை இழுத்தால் மாடியில் அடிக்கிற கயிற்று மணி அடித்தது. வீட்டுக்காரி பால்கனியிலிருந்து கயிற்றில் சாவியை இறக்கினாள். குழம்பை அடுப்பில் வைத்துவிட்டு மூச்சு வாங்க ஏறி வந்து நின்றாள் தமீ. கையில் மீன் கழுவும் மஞ்சள் ரப்பர் கையுறை. மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினாளாம்.

"வேண்டாம்மா, காலைத் தொடாதே" என்றேன். இந்த நாட்டில் கால் என்றால் எவ்வளவு கீழானது என்று உங்களுக்குத் தெரியும். அவள் சிரித்தாள். "கெளுத்தி மீனை விடவா ஊலே?"

காலுறையைக் குதிகால் வரை உள்பக்கம் வெளியே வரத் திருப்பினாள். என் பாதத்தில் ஒரு வழவழப்பான பிளாஸ்டிக் பையை மாட்டி, அதன் மேல் காலுறையை வழுக்கி ஏற்றினாள். விரல் பக்கம் திறந்திருந்ததால் பையை அந்த வழியாக உருவிவிட்டாள். பிறகு கையுறை போட்ட உள்ளங்கையால் சுருக்கம் இல்லாமல் நீவி நீவி முழங்கால் வரை கொண்டுவந்தாள். மேல் விளிம்பைப் பிடித்து இழுக்கவே இல்லை. ஐந்து நிமிஷம். நர்ஸம்மாவிடம் சொன்னபோது, வெளிநாட்டில் இதற்கென்றே பட்டுத்துணிப் பை விற்கிறார்கள் என்றார். இவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? கேட்டால், "தலையணைக்கு உறை போட்டதில்லையா?" என்கிறாள்.

அன்று முதல் ஒரு நாள் தவறவில்லை. காய்ச்சலோடும் வந்தாள். தடிஞ்சு விளக்குத் திருநாளில் பழத்தட்டோடு வந்து, பெரியவர் என்று மண்டியிட்டுக் கும்பிட்டாள். தினமும் என் காலைப் பிடிக்கிறவள் கும்பிட்டால் நான் எங்கே போய் நிற்பது?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். முதலில் நானே ஒரு கடையில் எலாஸ்டிக் துணி வாங்கி, கெண்டைக்காலில் மட்டும் இறுக்கிக் கட்டினேன். கீழே பாதம் பலூனாகிவிட்டது. யாரும் அப்படிச் செய்யாதீர்கள். கைக்கும் கணுக்காலுக்கும் பிரஷர் ஒப்பிட்டு, ரத்தம் இறங்கும் குழாயில் அடைப்பு இல்லை என்று பார்த்த பிறகுதான் எனக்குக் கட்டே போட்டார்கள். அடைப்பு இருக்கிற காலை இறுக்கினால் காலே போய்விடலாம். கட்டுப் போடும் அறையில் என் பக்கத்தில் ஒரு அம்மா உட்கார்ந்திருப்பார். மார்பு ஆபரேஷனுக்குப் பிறகு நிணநீர் தேங்கிக் கை வீங்கியவர். அவருக்கு ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனியாகத் துணி சுற்றுவார்கள். நான் இரண்டு வருஷம் கைலிக்குள் மறைத்த புண்ணை நினைத்து வெட்கப்பட்டேன்.

அப்படி மறைத்து வைத்திருக்கிறவர்கள் நம் தெருவிலும் இருக்கிறார்கள். கடைக்கு வாருங்கள், கைலியைத் தூக்கி என் காலைக் காட்டுகிறேன். இப்போதெல்லாம் ஒரு தோசை வேகும் நேரத்தில் பத்துத் தடவை குதிகாலைத் தூக்கி இறக்குகிறேன். கெண்டைச்சதை அசைந்தால்தான் ரத்தம் ஏறுமாம். பார்த்துச் சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். தினமும் முதல் தோசை கீழே மொய்ங்கா கடைக்குப் போகும், இந்தக் கல் சூடாகிற கடைசி நாள் வரைக்கும் போகும்.

தமீக்கு நேற்று புதுக் கையுறை ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்தேன். அதை மீனுக்கு வைத்துக்கொண்டாள். எனக்குப் பழையதுதானாம், பிடிமானம் அதில்தான் இருக்கிறதாம்.