அம்மா கண்ணு முழிச்ச ராத்திரி

டேய் மாப்ள,

எப்படி இருக்க, சேலத்துல மழை உண்டா? வாட்ஸ்அப்ல குட்மார்னிங் போட்டே காலம் போகுது, இது அப்படி சொல்ற விஷயம் இல்லனு தான் உக்காந்து டைப் பண்றேன்.

பாப்பா பதினொண்ணுல பயாலஜி குரூப் எடுத்துட்டாடா. டாக்டருக்குத் தான் படிப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்குறா. எல்லாத்துக்கும் காரணம் எங்கம்மா.

போன பங்குனில ஒரு ராத்திரி அம்மா இன்சுலின் போட்டுட்டு, வயிறு சரியில்லனு சாப்பிடாமயே படுத்துடுச்சு. பதினோரு மணிக்குப் பாத்தா ஒடம்பெல்லாம் வேர்த்து ஊத்துது, கூப்பிட்டா ஏதோ உளறல், கொஞ்ச நேரத்துல அதுவும் நின்னு போச்சு, நான் ஸ்ட்ரோக்குன்னே முடிவு பண்ணி பக்கத்து வீட்டு ஆம்னில தூக்கிப் போட்டு ஜிஎச்சுக்கு ஓடுனேன். நைட் டியூட்டில ஒரு சின்னப் பொண்ணு, டாக்டர்னே நம்ப முடியல. விரல்ல குத்திப் பாத்தா சுகர் 31. நரம்புல குளுக்கோஸ் ஏத்துனாங்க. பத்து நிமிஷம் கூட இல்லடா, அம்மா கண்ணு முழிச்சு "கோழிய அடைச்சியா"ங்குது!

நான் அழுதுட்டேன். பாப்பா அழல. அந்த டாக்டர் பின்னாடியே போயி என்ன போட்டீங்க, எப்படி உடனே முழிச்சாங்கன்னு நச்சரிக்குறா. அந்தப் பொண்ணும் பொறுமையா, மூளை குளுக்கோஸ நம்பித் தான் ஓடுது, தனக்குன்னு பெருசா சேத்து வெச்சுக்காது, அதான் ரத்தத்துல கொறஞ்சா மூளை உடனே தடுமாறுதுன்னு ஒரு துண்டுச் சீட்டுல படம் போட்டே காமிச்சுது. சீட்டு இன்னும் ஜாமெட்ரி பாக்ஸ்ல இருக்கு.

நம்ம திண்டிவனத்துல டாக்டர் ஆசைன்னா, அந்தக் காலத்துல இங்க இருந்த அமெரிக்க மிஷன் டாக்டரோட பொண்ணு ஐடா ஸ்கடர் கதை தான. ஒரே ராத்திரில மூணு பேர் பிரசவம்னு வந்து, ஆம்பள டாக்டர் வேணாம்னு திரும்பிப் போயி, மூணு பொண்ணுங்களும் செத்துப் போச்சே, அது. அதுல தான அந்தம்மா மனசு மாறி 1899ல அமெரிக்கால டாக்டர் படிப்ப முடிச்சுட்டு வந்து வேலூர்ல சிஎம்சிக்கு வித்து போட்டுச்சு. பாப்பாவுக்கு உருக்கமா சொன்னா, "அவங்களுக்கு என்ன ஆச்சுப்பா, ரத்தம் நிக்கலியா, குழந்தை குறுக்க இருந்துச்சா"ன்னு கேக்குறா. நான் என்னத்தக் கண்டேன்!

பயமாவும் இருக்கு மாப்ள. நீட்ல 180 கேள்வி, 720 மார்க்கு, தப்புக்கு மைனஸ் வேற. அந்தக் காலத்து எண்ட்ரன்ஸ்லயே நம்ம ரெண்டு பேரும் மண்ணக் கவ்வுனோம். இவ ஆறாவதுல இருந்து கவர்மெண்ட் ஸ்கூல் தான், 2020ல வந்த 7.5 சதவீத ஒதுக்கீட்டுல சீட்டு கெடச்சா ஃபீஸயும் அரசாங்கமே பாத்துக்கும். அது ஒரு தெம்பு.

காலாண்டு லீவுக்கு அவள அங்க அனுப்பட்டுமா? உன் லேப்ல ஓரமா உக்காந்து ரத்தம் டெஸ்ட் பண்றதப் பாக்கணுமாம். கேள்வி கேட்டே உன் உசுர எடுப்பா, இப்பவே சொல்லிட்டேன்.

அம்மா உன்னக் கேட்டதா சொல்லச் சொல்லுச்சு. முறுக்கு டப்பாவ ஒளிச்சு வெச்சிருக்கோம், எப்படியோ கண்டுபுடிச்சிடுது.