லைசென்ஸ் வாங்கியாச்சு, இன்னும் எதற்கு வகுப்பு?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வணக்கம்.

"லைசென்ஸ்தான் கைக்கு வந்தாச்சே, அப்புறமும் ஏன் கிளாஸுக்குக் கூப்பிடுறீங்க?" என்று பல வீடுகளிலிருந்து கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. கீழக்கரை, ஏர்வாடி, பெரியபட்டினம், தேவிபட்டினம் என்று சுற்றுவட்டாரத்திலிருந்து நம்மிடம் கார் பழக வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் சபர், அதாவது வெளிநாட்டுப் பயணம் போகக் காத்திருக்கிறவர்கள். அவர்களை மட்டும் ஏன் மறுபடி வரச் சொல்கிறோம், அதற்கு ஏன் காசு வாங்குவதில்லை என்று விளக்கத்தான் இந்த மடல்.

வளைகுடா நாடுகளில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் போகும், ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கும். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நெரிசலான ரோட்டில் முன்னால் போகிற வண்டியைப் பார்த்தே ஓட்டிவிடலாம். பயப்பட வேண்டியது ஆளில்லாத ரோட்டுக்குத்தான். விடிகாலையில் பெட்ரோல் பங்கிலிருந்து வெளியே வரும்போது பார்த்துப் போக வேறு வண்டி இருக்காது. கை தனக்குப் பழகிய பக்கமே வளைக்கும். அதனால் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லி மனதில் பதிய வைக்கிறோம்: அந்தந்த நாட்டு வண்டியில் உட்கார்ந்தால், ஓட்டுகிறவர் இருக்கும் பக்கம்தான் சாலையின் நடுக்கோடு இருக்க வேண்டும். நடுக்கோடு பக்கத்துச் சீட்டுப் பக்கம் தெரிந்தால் தப்பான பக்கத்தில் போகிறீர்கள் என்று அர்த்தம்.

அடுத்தது இடது கால். அங்கே பெரும்பாலும் கியர் போடாத ஆட்டோமேட்டிக் வண்டிகள். கிளட்ச் கிடையாது, பிரேக் பெடல் அகலமாக இருக்கும். கிளட்ச் மிதித்துப் பழகிய கால் அவசரத்தில் அந்த அகலமான பிரேக்கை ஓங்கி மிதித்துவிடும். பின்னால் 100 கிலோமீட்டர் வேகத்தில் ஒருவர் வந்துகொண்டிருந்தால் நினைத்துப் பாருங்கள். இடது காலை ஓரமாக ஒதுக்கி வைத்தே ஓட்டிப் பழகுங்கள் என்று நாங்கள் அதட்டுவது அதற்காகத்தான். இண்டிகேட்டர் போடப் போய் வைப்பர் ஓடினால் மட்டும் பதற வேண்டாம். அது ஒரு வாரத்தில் சரியாகிவிடும்.

ரவுண்டானாவுக்கு வருவோம். வகுப்பில் பெரும்பங்கு நேரம் போவது இதற்குத்தான். நம் ஊரில் ரவுண்டானாவை வலம் சுற்றி, வலப்பக்கம் பார்த்து நுழைகிறோம். அங்கே எல்லாம் தலைகீழ்: இடம் சுற்ற வேண்டும், இடப்பக்கம் பார்க்க வேண்டும். உள்ளே சுற்றிக்கொண்டிருக்கிற வண்டிக்குத்தான் முதல் உரிமை. நம் நாட்டு விதியும் அதைத்தான் சொல்கிறது, ஆனால் இங்கே மூக்கை நுழைத்தவர்தான் முந்திப் போகிறார். அங்கே அது நடக்காது. வலப்பக்கம் திரும்புகிறவரும் நேரே போகிறவரும் வெளி லேனில், இடப்பக்கம் திரும்புகிறவரும் யூ டர்ன் அடிக்கிறவரும் உள் லேனில் நுழைவதற்கு முன்பே வந்துவிட வேண்டும். பொட்டலில் சுண்ணாம்புத் தூளால் ஒரு ரவுண்டானா வரைந்து இதைப் பழக்குகிறோம். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் கோடு மதியத்துக்குள் கலைந்துவிடும், மறுபடி போடுவோம். இடப்பக்கம் ஒருவர் நின்று கையைத் தூக்குவார். அதைக் கவனிக்காமல் முகம் வலப்பக்கம் திரும்பினால் திரும்பவும் முதலிலிருந்து. இடப்பக்க ஸ்டியரிங் வண்டி நம்மிடம் இல்லை, ஆனால் கண்ணைப் பழக்க இந்தப் பொட்டலே போதும்.

ஈ.சி.ஆர். என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலையில் நாம் எதிரே வருகிறவர் முகத்தைப் பார்த்து, கையைக் காட்டி, ஹாரன் அடித்துப் போய்ப் பழகியவர்கள். எதிர் வண்டி லைட் அடித்தால் "நான் வர்றேன், நில்லு" என்று நமக்குப் புரியும். துபாயில் பின்னாலிருந்து லைட் அடித்தால் "வழியை விடு" என்று பொருள். இடது ஓர லேன் முந்திப் போகிறவர்களுக்கானது, அதில் நிதானமாக ஓட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

கேமராக்கள் விஷயத்திலும் ஒன்று சொல்ல வேண்டும். துபாயில் பலகையில் போட்ட வேகத்துக்கு மேல் 20 கிலோமீட்டர் வரை கேமரா விட்டுவிடும். அபுதாபியில் 2018 ஆகஸ்ட்டிலேயே அந்தச் சலுகையை எடுத்துவிட்டார்கள். ஒரே நெடுஞ்சாலைதான், எல்லை தாண்டினால் கணக்கு மாறிவிடும். சிவப்பு விளக்கைத் தாண்டினால் 1,000 திர்ஹம் அபராதம், லைசென்ஸில் 12 கரும்புள்ளி, வண்டியையும் 30 நாள் பிடித்து வைப்பார்கள். 24 புள்ளி சேர்ந்தால் லைசென்ஸையே முடக்கிவிடுவார்கள். பள்ளிக்கூடப் பேருந்து 'ஸ்டாப்' பலகையை நீட்டினால் எந்த அவசரமானாலும் நிற்க வேண்டும். பத்து வயதுக்குக் கீழுள்ள பிள்ளையை முன் சீட்டில் உட்கார வைக்கவே கூடாது. உம்மா மடியில் வைத்துக்கொள்ளும் பழக்கத்தை இங்கேயே விட்டுவிடுங்கள், இங்கும் அது ஆபத்துதான்.

விசிட்டில் போகிற பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை: நடந்து போகிறவருக்கும் அங்கே சட்டம் உண்டு. கோடு போட்ட இடத்தில் தவிர வேறு எங்கும் ரோட்டைக் கடக்காதீர்கள்.

இன்டர்நேஷனல் பெர்மிட் பற்றி நிறையக் குழப்பம் இருக்கிறது. படிவம் 4ஏ, கட்டணம் 1,000 ரூபாய், அதிகபட்சம் ஓராண்டு செல்லும். லைசென்ஸ் அதற்குள் முடிந்தால் பெர்மிட்டும் அதோடு முடிந்தது. இது சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கு. துபாய், அபுதாபி எல்லாம் சேர்ந்த எமிரேட்ஸில் ரெசிடென்ஸ் விசா அடித்தவர் இதை வைத்து ஓட்டக் கூடாது, அந்த நாட்டுத் தேர்வில் தேறித்தான் லைசென்ஸ் வாங்க வேண்டும். "கொஞ்ச நாள்தானே, மச்சான் வண்டிதானே" என்று எடுத்து ஓட்டாதீர்கள். மோதிவிட்டால் இன்சூரன்ஸும் கைவிட்டுவிடும்.

மலேசியா, சிங்கப்பூர், புருணை போகிறவர்களுக்கு நம்மைப் போல இடப்பக்கம்தான். அவர்களுக்கு ஒரே ஒரு வகுப்பு, அதுவும் லேன் ஒழுக்கத்துக்காக.

பெண்களுக்குக் காலையில், ஆண்களுக்கு அசர் (மாலைத் தொழுகை) முடிந்த பிறகு. வெள்ளிக்கிழமை வகுப்பு இல்லை. வரும்போது லைசென்ஸ், பாஸ்போர்ட், விசா நகல்களைக் கொண்டு வாருங்கள், பெர்மிட் படிவத்தை இங்கேயே உட்கார்ந்து நிரப்பிவிடலாம். பயண டிக்கெட் போடுவதற்கு முன்பே வந்தால் நல்லது. கடைசி வாரத்தில் வருகிறவர்களுக்குப் பொட்டலில் போதிய நேரம் தர முடிவதில்லை.

இப்படிக்கு,
உங்கள் டிரைவிங் ஸ்கூல்,
கீழக்கரை.