அயலவரின் உறுதியில் இருக்கும் நம் பாட்டன் பெயர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இதழில் அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்துக் காட்டர் குடும்ப வம்சாவளி பற்றித் தாங்கள் வெளியிட்ட கட்டுரையை ஆவலோடு வாசித்தேன். இதே முறையில் திருகோணமலையின் பழைய குடும்பங்களைப் பற்றியும் ஒரு தொடர் வரவிருப்பதாக அதன் கீழே அறிவித்திருந்தீர்கள். அந்தத் தொடர் தொடங்குவதற்கு முன் இக்கடிதம் தங்கள் கைக்குக் கிடைக்க வேண்டும் என்றே அவசரமாக எழுதுகிறேன்.

நான் திருகோணமலையில், உறுதி எனப்படும் காணிப் பத்திரங்களை எழுதும் ஒரு நொத்தாரிசிடம் எழுதுவினைஞராக இருந்தவள். உறுதிகளைத் தட்டச்சுச் செய்வதும், காணிப் பதிவகத்தில் பழைய பதிவேடுகளைப் புரட்டுவதுமே என் வாழ்க்கையாக இருந்தன. என் மகள் குடும்பம் வேர்ஜீனியாவில் வசிக்கிறது. பேத்தியின் பாடசாலை ஒப்படைக்காக இந்தக் காட்டர் குடும்பத்தின் பத்திரங்களை அவளோடு சேர்ந்து நானும் கணினித் திரையில் வாசித்திருக்கிறேன். அதனால் கட்டுரையில் விடுபட்டவை உடனே என் கண்ணில் பட்டன.

ஜோன் காட்டர் இங்கிலாந்திலிருந்து வந்தார். அவர் மகன் றொபேர்ட் காட்டர் 'அரசர்' என்று ஊரார் அழைக்குமளவுக்குக் காணி சேர்த்தார். 1732இல் அவர் இறந்தபோது ஏறத்தாழ மூன்று இலட்சம் ஏக்கர் நிலம் இருந்தது. அந்த வழியில் இரண்டு அமெரிக்க ஜனாதிபதிகளும் தளபதி றொபேர்ட் லீயும் தோன்றினார்கள் என்று கட்டுரை சொல்கிறது. அத்தனையும் உண்மை. ஆனால் கட்டுரையோடு வந்த வம்ச மரத்தில் ஒரு பெண்ணின் பெயர்கூட இல்லை. ஜனாதிபதிகளான வில்லியம் ஹரிசனும் அவருடைய பேரன் பெஞ்சமின் ஹரிசனும் இந்தக் குடும்பத்துக்கு எப்படிச் சொந்தம்? 'அரசர்' காட்டரின் மகள் ஆன், ஹரிசன் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போனதால்தான். தளபதி லீ எப்படிச் சொந்தம்? அவருடைய தாய் ஆன் ஹில் காட்டர், 'அரசர்' காட்டரின் பூட்டப்பிள்ளை என்பதால்தான். பெருமையெல்லாம் பெண் வழியாக வந்திருக்க, பெண்களை மட்டும் விட்டுவிட்டு மரம் வரைந்திருக்கிறார்கள்.

அந்தப் பெண்கள் பத்திரங்களில் இல்லாமலும் இல்லை. அக்கால வேர்ஜீனியாச் சட்டத்தில் கணவன் இறந்தால் அவன் காணியில் மூன்றிலொரு பங்கை மனைவி தன் ஆயுள் முழுதும் அனுபவிக்கலாம். ஆகவே கணவன் காணி விற்கும்போது மனைவியைத் தனியே அழைத்து, மனச்சம்மதத்தோடுதான் உரிமையை விடுகிறாயா என்று கேட்டு எழுதிக்கொள்வார்கள். திருமணப் பதிவு தொலைந்துபோன இடத்திலும் இந்தக் குறிப்பினால் மனைவியின் பெயர் கிடைத்துவிடும். எங்கள் ஊரில் அந்த வேலையைச் செய்வது சீதன உறுதி. வீடும் வளவும் மகளுக்குப் போகும் ஊரில் ஆண் வழியை மட்டும் எழுதினால், அந்த வீட்டில் யார் யார் வாழ்ந்தார்கள் என்பதே தெரியாமல் போய்விடும்.

அந்த மரத்தில் ஒரு றொபேர்ட்டும் விடுபட்டிருக்கிறார். 'அரசர்' காட்டருக்கு றொபேர்ட் என்றே ஒரு மகன் இருந்தார். தகப்பனும் மகனும் ஒரே ஆண்டில், 1732இல், இறந்தார்கள். மகனுடைய மகனும் றொபேர்ட்தான். 1728இல் பிறந்து 1804 வரை வாழ்ந்தவர். இவருடைய சித்தப்பா லாண்டன் காட்டரின் மகனுக்கும் அதே பெயர். கட்டுரையாளர் நடுவில் உள்ளவரை விட்டுவிட்டு, பேரனை 'அரசரின்' மகனாக்கியிருக்கிறார். பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கமுள்ள நமக்கு இந்தச் சிக்கல் புதிதல்ல. ஒரே பெயரில் இருவர் வந்தால் நாங்கள் மனைவி யார், எந்தக் காணி, சாட்சிக் கையெழுத்து யாருடையது என்று பார்ப்போம். அங்கேயும் அதேதான் வழி. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: 1752க்கு முன் இங்கிலாந்திலும் அதன் குடியேற்றங்களிலும் ஆண்டு மார்ச் 25இல்தான் பிறந்தது. பெப்ரவரி 1731 என்று எழுதப்பட்டிருந்தால் நம் கணக்கில் அது 1732.

இவற்றையெல்லாம் அடுத்த இதழில் ஒரு திருத்தத்தோடு சரிசெய்துவிடலாம். என் மனத்தை வருத்துவது வேறு விடயம். மூன்று இலட்சம் ஏக்கரைச் சொன்ன கட்டுரை, அதே இறப்பின்போது அடிமைகளாயிருந்த ஏறத்தாழ ஆயிரம் மனிதர்களும் 'அரசர்' காட்டரின் சொத்தாக எழுதப்பட்டார்கள் என்பதைச் சொல்லவில்லை. தோட்டம் தோட்டமாக, மாடுகளோடும் பாத்திரங்களோடும் சேர்த்து, அவர்களுடைய பெயர்கள் சொத்துப் பட்டியலில் இருக்கின்றன.

அமெரிக்காவில் 1850, 1860 ஆண்டுகளில் எடுத்த அடிமைகள் கணக்கில் உடைமையாளரின் பெயரே இருக்கும். அடிமைக்கு வயது, பால், நிறம் மட்டும்தான். விடுதலைக்குப் பின் 1870இல் எடுத்த குடிசன மதிப்பீட்டில்தான் அவர்கள் அனைவரும் பெயரோடு வருகிறார்கள். அவர்களுடைய இன்றைய சந்ததியார் ஒருவர் தன் பாட்டியின் பாட்டியைத் தேடினால், 1870 வரை போய் அங்கே தடைப்பட்டு நிற்பார். அதற்கப்பால் போக அவருக்கு இருக்கும் முக்கியமான வழி நிலச்சுவாந்தரின் காகிதங்கள்தான்: மரணசாசனம், சொத்துப் பட்டியல், நன்கொடை உறுதி. 1662இலேயே வேர்ஜீனியா, பிள்ளையின் நிலை தாயின் நிலையையே தொடரும் என்று சட்டம் செய்துவிட்டது. அந்தக் கொடிய சட்டத்தினால் பல பட்டியல்களில் தாயையும் பிள்ளையையும் சேர்த்தே எழுதியிருக்கிறார்கள்.

அந்தப் பேரன் றொபேர்ட் காட்டர் 1791இல் ஒரு நன்கொடை உறுதி எழுதி நீதிமன்றத்தில் பதிவுசெய்தார். தம்மிடமிருந்த 450க்கும் மேற்பட்ட அடிமைகளைப் படிப்படியாக விடுவிப்பதாக எழுதினார். ஆண்டுக்குப் பதினைந்து பேர் என்று தொடங்கி, சிறுவர்கள் வயதுக்கு வர வர விடுதலை. உறவினரும் அயலவரும் எதிர்த்தார்கள். அவர் பால்டிமோருக்குக் குடிபெயர்ந்த பின்னும் விடுவிக்கும் வேலை நிற்கவில்லை. அதற்காக அவர் எடுத்த கணக்கில் ஒவ்வொருவருக்கும் பெயர், வயது, எந்தத் தோட்டம் என்று இருக்கிறது. தோட்டங்களுக்கு அவர் இராசிகளின் பெயரை வைத்திருந்தார்: மேடம், மிதுனம், சிம்மம். என் பேத்தி அந்தப் பட்டியலை வாய்விட்டு வாசித்தபோது, ஒரு வயதுக் குழந்தையின் பெயரிலிருந்து முதியவரின் பெயர் வரை ஒவ்வொன்றையும் நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். காட்டர் குடும்ப வம்சாவளியில் என்னைப் பொறுத்தவரை இதைவிடப் பெரிய காகிதம் கிடையாது. ஜனாதிபதிகளுக்கு இடம் ஒதுக்கிய கட்டுரை இதற்கு ஒரு வரிகூடக் கொடுக்கவில்லை.

இனி நம் ஊருக்கு வருகிறேன். உறுதி எழுதத் தெரிந்த எவரும் முதலில் பார்ப்பது அட்டவணையைத்தான். 'வடக்கே வாய்க்கால், கிழக்கே இன்னார் பெண்சாதி இன்னாள் வளவு, தெற்கே ஒழுங்கை, மேற்கே இன்னார் பிள்ளைகளின் தென்னந்தோட்டம்' என்று நான்கெல்லை போகும். பழைய உறுதிகளை நான்காக மடித்து வைத்திருப்பார்கள். மடிப்பு பெரும்பாலும் இந்த அட்டவணை மேலேயே விழும். இராமபாணப் பூச்சி அந்தக் கோட்டைப் பிடித்துத்தான் அரிக்கும். முதலில் அழிவது அயலவரின் பெயர்.

அந்தப் பெயரின் பெறுமதி எனக்குத் தெரியும். போரில் இடம்பெயர்ந்து, கையில் ஒரு துண்டுக் காகிதமும் இல்லாமல் மூதூர்ப் பக்கத்துத் தாய் ஒருத்தி எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். பாட்டனின் பெயரும் கிணற்றடியில் நின்ற புளியமரமும் மட்டுமே அவருக்குத் தெரியும். அயல் காணிக்காரர் மனமுவந்து தம் உறுதியைக் கொண்டுவந்து மேசையில் விரித்தார். வடக்கெல்லையில் அந்தப் பாட்டனின் பெயர் இருந்தது. அவருக்குப் பக்கத்தில் அவருடைய மனைவியின் பெயரும் இருந்தது. அந்த மனைவியின் பெயரை அந்தத் தாய் அதுவரை கேட்டதே இல்லை. அக்கால வழக்கப்படி பாட்டனின் காணிக்கும் அதே நொத்தாரிசுதான் உறுதி எழுதியிருப்பார் என்று ஊகித்து, அவருடைய உறுதி இலக்கங்களைப் பிடித்துத் தேடினோம். உறுதியின் ஒரு பிரதி உரியவரிடம், ஒன்று நொத்தாரிசிடம், ஒன்று பதிவகத்தில் என்பது சட்டம். பதிவகத்துப் பிரதி அகப்பட்டது. 'என்ர அப்பாச்சியின்ர பேர் இதுவா, பிள்ளை?' என்று அவர் என்னைக் கேட்டார். காணியைப் பற்றிக் கேட்டது அதற்குப் பிறகுதான்.

ஆகவே ஆசிரியர் அவர்களிடம் வேண்டிக்கொள்கிறேன். தங்கள் தொடரில் ஒரு தலைமுறைக்கும் அடுத்த தலைமுறைக்கும் இடையே என்ன காகிதம் சான்றாக இருக்கிறது என்பதைக் கேட்டு எழுதுங்கள். காகிதம் இல்லையென்றால் 'குடும்பத்தார் சொல்வது' என்று வெளிப்படையாகப் போடுங்கள். அமெரிக்காவில் குஸ்டாவ் ஆன்ஜூ என்ற ஒருவர், பணக்காரருக்கு வேண்டிய முன்னோரைப் புனைந்து விற்றே பிழைத்தார். அவர் கட்டிவிட்ட பொய் வம்சங்களைப் பிரித்தெடுக்கும் வேலை இன்னும் தீரவில்லை.

பெருங்குடும்பத்தார் தொடருக்காகத் தங்கள் டிரங்குப் பெட்டிகளைத் திறக்கும்போது, உறுதியின் அட்டவணைப் பக்கத்தையும் படமெடுத்துத் தரச் சொல்லுங்கள். எல்லைக்காரர், குத்தகைக்காரர், புள்ளடி போட்ட சாட்சிகள், வயலில் பங்கு பெற்றவர்கள் என்று அதில் உள்ள பெயர்களை ஒவ்வொரு கட்டுரையின் கீழும் ஒரு பெட்டியாகப் பிரசுரியுங்கள். தொலைபேசி இலக்கமோ இன்றைய விலாசமோ வேண்டாம். பெயர், ஊர், உறுதி ஆண்டு போதும். தம்பலகாமத்திலோ கிண்ணியாவிலோ குச்சவெளியிலோ, வெளிநாட்டிலோ இருக்கும் எவராவது அதில் தம்முடையவரைக் கண்டுகொள்வார். பழைய கையெழுத்தை வாசிக்க ஆள் தேவைப்பட்டால் நான் வருகிறேன். எனக்குக் கொடுப்பனவு எதுவும் வேண்டாம். காலை வேளையில் வெளிச்சம் நன்றாக விழும் ஒரு மேசை போதும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற நொத்தாரிசு எழுதுவினைஞர்,
உவர்மலை, திருகோணமலை.